ரப்பர் இலை தரும் தேனுக்குப் பூப்படம் எதற்கு?

மார்த்தாண்டத்திலிருந்து

விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பு என்றால் கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுத்தருவார்கள் என்று நம்பிச் சேரும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மென்பொருளை வீட்டில் இருந்தபடியே பழகிக்கொள்ளலாம். ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, எப்போது நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் கல்லூரி தேவைப்படுகிறது. என் இறுதியாண்டு வேலையையே சொல்கிறேன்.

தேனீ வளர்க்கும் பெரியவர் ஒருவருக்குப் பாட்டில் லேபிள் செய்து தர வேண்டும். எங்கள் ஊரில் பெட்டித் தேன் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் பரப்பிய தொழில். பெட்டி வகை ஒன்றுக்கே மார்த்தாண்டம் பெட்டி என்று பெயர் உண்டு. “அழகாக ஒரு லேபிள்” என்பதுதான் அவர் கேட்டது. எங்கள் ஆசிரியை அந்த ஒற்றை வரியை ஏற்கவில்லை. “பாட்டிலை வாங்கியவர் எப்போது கோபப்படுகிறார் என்று கேட்டுவிட்டு வா” என்றார்.

கேட்டேன். பெரியவர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். பாதிக்கு மேல் வெள்ளையாக உறைந்திருந்தது. “பேரைப் பெரிதாகப் போட்டாலும் சிறிதாகப் போட்டாலும் ஒன்றுதான் மக்களே. இப்படிக் கட்டி தட்டினதும் சீனிப்பாகு என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.” அந்த நொடியில் வேலையே மாறிவிட்டது. லேபிள் சொல்ல வேண்டியது தேனின் பெருமையை அல்ல. உறைந்தாலும் அது தேன்தான் என்பதை. தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாகப் பிரிவதால் இது நடக்கிறது. ரப்பர்த் தேன் விரைவில் உறையும் வகை.

அடுத்து ரப்பர் தோட்டத்துக்கே போனேன். இலையுதிர்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரை புதுத் தளிர் விடும் காலம்தான் இங்கே தேன் காலம். தேனீக்கள் பூவைத் தேடிப் போகவில்லை. ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளாகப் பிரியும். அவை காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இளந்தளிரில் அங்கே மினுமினுக்கும் துளியைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. கடைகளில் நான் படம் எடுத்து வைத்திருந்த தேன் லேபிள்களிலெல்லாம் பூக்கள்! எங்கள் தேனுக்கு அது பொய். மூன்று சிற்றிலையும் நடுவில் ஒரு துளியும், அதுதான் எங்கள் முகப்புப் படம். எந்தப் படக் களஞ்சியத்தில் தேடியிருந்தாலும் இது எனக்குக் கிடைத்திருக்காது.

பிறகுதான் பென்சில். தம்ப்நெயில் என்று சொல்லும் சின்னச் சின்னப் பெட்டிகளில் அமைப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இதை அவசரமாகக் கடப்பவர்கள் பின்னால் திரையில் மணிக்கணக்காக எழுத்தை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். உணவுப் பொருள் லேபிளில் கட்டாய விவரங்களுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும்: எடை, தொகுதி எண், தேதி, சைவ உணவைக் குறிக்கும் சதுரத்துக்குள் பச்சை வட்டம், 14 இலக்க உணவு உரிம எண். இவையெல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி; தமிழ் அதற்கு மேல் நாமாகச் சேர்ப்பது. எங்கள் வாங்குநர் தமிழில் படிப்பவர். ஆகவே தமிழை ஓரத்தில் ஒதுக்காமல், பின்பக்கத்துக்குப் போகக்கூடிய விவரங்களை அங்கே ஒரு கட்டத்துக்குள் அடக்கினேன். பக்கவாட்டில் ஒரு பட்டை: “உறைவது தேனின் குணம். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள்.” அருகில் சிறு கோட்டோவியம்.

மாதிரியை ஒட்டிய பாட்டிலைச் சந்தைக் கடையில் வைத்து, வருகிறவர்களிடம் என்ன புரிகிறது என்று மட்டும் கேட்டேன், எதையும் விளக்கவில்லை. ஓர் அம்மா ஓவியத்தைப் பார்த்துவிட்டு, தேனை நீரில் கலந்து குடிக்கச் சொல்கிறது என்றார். பாட்டில் மூடியோடு நிற்பது தெளிவாகத் தெரியும்படி மாற்றி வரைந்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

அச்சகத்தில் கற்றதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஃப்செட் இயந்திரத்தை ஓட்டும் அண்ணன் லென்ஸை மாதிரி அச்சான புரூஃப் மீது வைத்து என்னைக் குனியச் சொன்னார். ‘குணம்’ என்பதன் ‘ண’வில் உள்ள சுழிகள் மையால் அடைபட்டிருந்தன. பழுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அந்தப் பழுப்பு நான்கு மைகள் சேர்ந்து வருவது. நான்கும் எழுத்தைச் சுற்றி நிற்கும்போது, ஒரு மையின் அச்சுத் தகடு மயிரிழை விலகினாலும் சுழி மூடிக்கொள்ளும். “சிற்றெழுத்து என்றால் வெளிர் நிறத்தின் மேல் கறுப்பு மை மட்டும்” என்றார். பட்டையின் நிறத்தை மாற்றினோம், சுழிகள் திறந்தன. வெட்டும் இடத்தில் வெள்ளை விளிம்பு வராமல் இருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறம் விட வேண்டும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தேன். கட்டிங் மெஷின் அருகே நின்றபோதுதான் அந்த 3 மில்லிமீட்டரின் அருமை தெரிந்தது.

குளச்சலிலிருந்து

மேலே எழுதியவர் சொல்வதுபோலவே எங்களுக்கும் வேலை பாதியில் திரும்பியது. எங்கள் குழுவுக்குத் தரப்பட்டது புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை விளக்கும் சுவரொட்டி. 1, 2 தொலைவில் புயல் உருவானதற்கு, 3, 4 உள்ளூர் எச்சரிக்கை, 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 தகவல் தொடர்பு அற்றுப்போனதற்கு. கட்டம் போட்டு அழகாகவே வரைந்தோம்.

கடற்கரையில் காட்டியபோது ஒரு பெரியவர் கேட்டார்: “ஒக்கிப் புயலில் போனவர்கள் ஆழ்கடலில் அல்லவா இருந்தார்கள்? கூண்டு யார் கண்ணுக்குத் தெரியும்?” 2017 நவம்பர் இறுதியை இந்தக் கரையில் யாரும் மறக்க முடியாது. எங்களால் அதற்கு மேல் அந்தச் சுவரொட்டியைத் தொடர முடியவில்லை. ஆசிரியரிடம் பேசி, வேலையைப் படகு கிளம்பும் முன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லும் ஓர் அட்டையாக மாற்றிக்கொண்டோம். ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கவிடும் அளவு. காற்றின் திசை காட்டும் வட்டத்தில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்றே எழுதினோம். கடலில் அவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நிறம் பற்றி ஒன்று. வெயிலில் அச்சு வெளிறும்போது சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், கறுப்பும் நீலமும் நிற்கும். துறைமுகத்து அறிவிப்புப் பலகைகளில் ‘அபாயம்’ மட்டும் காணாமல் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் அபாயத்தை நிறத்தில் வைக்காமல் தடித்த கறுப்பு வடிவங்களில் வைத்தோம். பகலில் ஏற்றும் கூண்டுகளும் கூம்பு, உருளை என்று வடிவத்தால்தானே பேசுகின்றன.

நாகர்கோவிலிலிருந்து

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரிட்டனின் டிசைன் கவுன்சில் வெளியிட்ட இரட்டை வைரப் படத்தை வகுப்பில் வரைந்து காட்டுவார்கள்: முதல் வைரம் பிரச்சினையைத் தேடிக் குறுக்குவது, இரண்டாவது தீர்வைத் தேடிக் குறுக்குவது. தேன் பாட்டிலையும் படகு அட்டையையும் படித்த பிறகுதான் முதல் வைரத்துக்கு ஏன் அத்தனை இடம் தருகிறார்கள் என்று விளங்குகிறது.

என் இந்தப் பருவ வேலை கடைப் பலகை எழுத்துகள். வடசேரிப் பக்கம் கையால் பலகை எழுதும் ஒருவரோடு உட்கார்ந்தேன். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டதும் பலகையில் நேர்கோடு விழுகிறது. மேல்கோடு, கீழ்கோடு, கொக்கிகளுக்கும் புள்ளிக்கும் மேலே தனியாக ஒரு கோடு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் ‘லை’, ‘னை’ இன்னும் சில பழைய பலகைகளில் இருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்துத் தொகுக்கிறேன். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமாரின் ஆய்வுத் துறையே தமிழ் எழுத்துருவியல் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

தேன் லேபிளில் தமிழ் வரிகளுக்கு இடைவெளி எவ்வளவு விட்டீர்கள்?

மார்த்தாண்டத்திலிருந்து

அச்சு அளவான புள்ளியில் (பாயின்ட்) சொன்னால், 7 புள்ளி எழுத்துக்கு வரிக்கு வரி 11 புள்ளி. ஆங்கிலத்துக்குப் பழகிய 9இல் வைத்தால், மேல் வரியின் ‘கு’, ‘து’ வால்கள் கீழ் வரியின் ‘றி’, ‘தீ’ கொக்கிகளில் போய் முட்டுகின்றன. அச்சடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், திரையில் பெரிதாக்கிப் பார்த்து அல்ல. பலகைக்காரர் மேலே விடும் அந்தத் தனிக்கோடு எத்தனை விரல் உயரம் என்று அளந்திருந்தால் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஆசை.