ஆப்பில் கட் கொடுத்தும் வண்டி நிற்கவில்லை, அவசரம்

நாமக்கல்_வண்டி: லாரியில் ஜிபிஎஸ்ஸோடு, தூரத்திலிருந்தே எஞ்சினை நிறுத்துகிற ரிலே சுவிட்சும் மாட்டியாச்சு. ஆப்பில் எஞ்சின் கட் கொடுத்தால் வெற்றி என்று வருகிறது, ஆனால் வண்டி அதுபாட்டுக்கு ஓடுகிறது. காலையில் லோடு ஏற்றணும், சீக்கிரம் சொல்லுங்க.

சங்ககிரி_ஒயரிங்: என்ன வண்டி, புகை விதிப்படி பிஎஸ்4-ஆ, பிஎஸ்6-ஆ? ரிலே எத்தனை வோல்ட்? லாரிக்கு 24 வோல்ட், கார் ரிலேயைக் கொண்டுவந்து மாட்டினால் காயில் கருகிவிடும். என்னிடம் வருவதில் பாதி இந்தக் கதைதான்.

சிக்னல்_குமார்: சிம்தான். வேறு கம்பெனி சிம் போடுங்க.

குறுக்குச்சாலை: வெற்றி என்று ஆப்பில் பதில் வந்தபிறகு சிம் எங்கே வந்தது? இதையெல்லாம் ஏற்கெனவே எழுதியாச்சு, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. பல கருவிகள் வேகம் 20 கி.மீ.க்குக் கீழே இறங்கி, ஜிபிஎஸ் சிக்னலும் கிடைத்திருந்தால்தான் ரிலேயை இழுக்கும்.

நாமக்கல்_வண்டி: ஷெட்டில்தான் நிற்குது சார், ஐட்லிங்கில். பிஎஸ்4. ரிலேயில் டிக் சத்தம் கேட்குது.

சங்ககிரி_ஒயரிங்: இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! டிக் என்றால் ரிலே வேலை செய்கிறது. சாவியிலிருந்து செல்ஃப்புக்கு, அதாவது ஸ்டார்ட் பண்ணுகிற மோட்டாருக்குப் போகிற ஒயரில் மாட்டியிருப்பார்கள். அது ஓடுகிற எஞ்சினை நிறுத்தாது, ஆஃப் பண்ணினால் மறுபடி ஸ்டார்ட் ஆக விடாது. ஆஃப் பண்ணிப் பாருங்க.

லோடு_ஆபீஸ்: டீசல் லைனுக்கு மாற்றச் சொல்லுங்க. சரக்கோடு போகிறவனை அப்போதே நிறுத்தாவிட்டால் ரிலே எதுக்கு?

பழைய_டிரைவர்: அண்ணே, தொப்பூர் இறக்கத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் தெரியுமா? பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்குக்குக் காற்று அடைக்கிற கம்பிரசரும் நின்றுவிடும், டேங்கில் மிச்சமிருக்கிற காற்றுதான் பிரேக்குக்கு. அதுவும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்து நடுரோட்டில் நிற்போம், பின்னால் வருகிறவன் கதி? ஆபீஸில் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறவருக்கு ரோடு தெரியாது.

லோடு_ஆபீஸ்: வண்டி ஜிபிஎஸ்ஸுக்கான ஏஐஎஸ் 140 தரவிதியிலேயே கட்-ஆஃப் இருக்கு, அரசாங்கத்துக்குத் தெரியாததா?

குறுக்குச்சாலை: அது பயணிகள் வண்டிக்கு வந்தது. கேட்பது வண்டி இருக்கும் இடமும் ஆபத்துப் பொத்தானும். படித்துவிட்டுப் பேசலாம்.

சிக்னல்_குமார்: 2022-ல் உக்ரைனின் மெலிட்டோபோலில் திருடிய ஜான் டீர் அறுவடை இயந்திரங்களை ரஷ்யர்கள் செச்னியா வரை கொண்டுபோய்விட்டார்கள், ஆனால் தூரத்திலிருந்தே பூட்டியதால் ஸ்டார்ட் பண்ண முடியவில்லை என்று செய்தி வந்ததே.

பழைய_டிரைவர்: அதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன். நின்றபிறகு பூட்டு.

லோடு_ஆபீஸ்: சரக்கு போனால் டிரைவர் தருவாரா?

நாமக்கல்_வண்டி: ஆஃப் பண்ணினேன், இப்போ ஸ்டார்ட் ஆகல. செல்ஃப் லைன்தான். நன்றி.

சங்ககிரி_ஒயரிங்: சரி, ஆப்பில் கொடுத்த எஞ்சின் கட்-ஐ ரத்து பண்ணிவிட்டீர்களா? காலையில் லோடு இருக்கு.