ஷன்ட் போட்ட பிறகு: எங்கள் குழந்தைகளின் நுரையீரல் குழாய்கள்

என் மகளுக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ என்ற பிறவி இதயக் கோளாறு. கைக்குழந்தையாக இருந்தபோது அழுதாலே உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். ஒரே ஆபரேஷனில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித்தான் போனோம். சிடி ஸ்கேனைப் பார்த்த டாக்டர், நுரையீரலுக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்களும் நூல் மாதிரி இருக்கின்றன, இப்போது இதயத்தைச் சரிசெய்தால் வருகிற ரத்தத்தை அவற்றால் தாங்க முடியாது என்றார். முதலில் அந்தக் குழாய்கள் வளரவேண்டும். ரத்தம் பாய்ந்தால்தான் அவை வளரும். அதற்காகக் கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு 3.5 மி.மீ. கோர்-டெக்ஸ் என்ற செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். இதைத்தான் ஷன்ட் என்கிறார்கள்.

புதுசாக ஏதோ சோதனை பண்ணுகிறார்களோ என்று என் மாமியார் ரொம்பவே பயந்தார். 1944-லேயே அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொடங்கிய சிகிச்சை இது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

ஆபரேஷன் முடிந்தும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, 80 சதவீதத்தை ஒட்டியே நின்றது. இந்தக் குழந்தைகளுக்கு 75 முதல் 85 வரை இருந்தால் போதும் என்றார்கள். மிக அதிகமாக ஏறினால் நுரையீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறதோ என்று பார்ப்பார்களாம். அவள் மார்பில் காதை வைத்தால் விடாமல் ‘உஸ்ஸ்’ என்று கேட்கும். ஷன்ட்டில் ரத்தம் ஓடுகிற அந்தச் சத்தம்தான் எனக்குத் தைரியம்.

தினமும் ஆஸ்பிரின் உண்டு. வாந்தியோ பேதியோ வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே மாட்டோம். உடம்பில் நீர் வற்றினால் ஷன்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். வாந்தியில் ஒருமுறை அட்மிட் செய்து ட்ரிப்ஸ் ஏற்றினோம். சொந்தக்காரர்கள் “இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?” என்றார்கள். ஆமாம், இதற்கேதான்.

பதில்:

சகோதரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் பையனுக்கு வலது குழாய் நன்றாக விரிந்தது, இடது குழாய் பின்தங்கிவிட்டது. ஷன்ட் தைத்த இடத்தில் சுருக்கம் விழுவதும் உண்டு என்றார்கள். அதனால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கும்போது “வளர்ந்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். இவனுக்குக் கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறை) பலூன் வைத்து இடது பக்கத்தை விரித்த பிறகுதான் இதயத்தைச் சரிசெய்யும் முழு ஆபரேஷன் நடந்தது.

இன்னொன்று. குழந்தை வளரும், கோர்-டெக்ஸ் வளராது. மாதங்கள் போகப்போக சாச்சுரேஷன் மெதுவாக இறங்கினால் அடுத்த ஆபரேஷனுக்கு நேரம் வருகிறது என்று டாக்டரிடம் பேசுங்கள். திடீரென இறங்கினாலோ குழந்தை துவண்டாலோ போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம், நேரே எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.