நிலைபெயர்வு முதல் நிலைசேர்வு வரை: ‘பிளாக் டைம்’ தமிழில்

அன்பர்களுக்கு வணக்கம். விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல் மறு நிலையத்தில் வந்து நிற்பது வரையான நேரமே ‘பிளாக் டைம்’. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது பற்றி அன்பர் ஒருவர் கேட்டது:

> ‘பிளாக் டைம்’ என்பதற்குப் ‘பயண நேரம்’ போதாதா?

போதாது ஐயா. கொச்சி–சென்னை பெருவட்டத் தொலைவு (புவிப் பரப்பில் மிகக் குறுகிய தொலைவு) சுமார் 520 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்தால் 39 நிமிடம். கால அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

மிச்ச நேரத்தை விழுங்குபவை பல. ஓடுபாதை வரை ஊர வேண்டும், முறை வரும்வரை காத்து நிற்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகத்தைத் (மணிக்கு 463 கி.மீ.) தாண்டக் கூடாது. காற்றை எதிர்கொண்டு இறங்க வேண்டுமென்பதால் சில நாள் சுற்றிக்கொண்டு வர நேரும். இறங்கியபின் மறுபடி ஊர்தல். குறுந்தொலைவில் இவற்றின் பங்கு மிகப் பெரிது.

‘பிளாக்’ என்பது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை. பாலக்காட்டுக் கல்பாத்திக் கோயில் தேர் இருப்பிடம் திரும்பினால் ‘நிலைக்கு வந்துவிட்டது’ என்கிறோம். அந்த வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது நிலைபெயர்வு. பிறகு தரைநீங்கல், தரைதொடல். வந்து நிற்பது நிலைசேர்வு. முதலுக்கும் கடைசிக்கும் நடுவே ‘நிலைநேரம்’, உள்ளே உள்ள இரண்டுக்கும் நடுவே ‘வான்நேரம்’.

– கல்பாத்தியிலிருந்து

—

நான்கு கணங்களுக்கும் சொற்கள் அருமை. ‘நிலைநேரம்’ மட்டும் வேண்டாம். விமானம் சும்மா நிற்கும் நேரம் என்றே யாரும் பொருள் கொள்வார்கள். நேர் எதிரான பொருள். ‘நிலையிடை நேரம்’ என்றால் ஒரு நிலைக்கும் மறு நிலைக்கும் இடைப்பட்டது என்று சொல்லே காட்டிவிடும்.

விளக்கத்தில் காற்றையும் சேர்க்க வேண்டும். கொச்சி–துபாய் பெருவட்டத் தொலைவு சுமார் 2,780 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 830 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. எதிர்காற்றில் தரைவேகம் 770. 3 மணி 37 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 890. 3 மணி 7 நிமிடம். குளிர்காலத்தில் மேலடுக்கில் மேலைக்காற்று (மேற்கிலிருந்து வீசுவது) என்பதால் துபாய் போகும்போதுதான் தாமதம். தென்மேற்குப் பருவத்திலோ தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கீழைக்காற்று (கிழக்கிலிருந்து வருவது) வீசுவதால் கணக்கு மாறும்.

நம் பக்கத்து வளைகுடாப் பயணிகள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு. சீட்டில் புறப்பாடு 10.00, வருகை 12.30 என்றிருக்கும், இரண்டரை மணி என்று கழித்துவிடுகிறார்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் உண்மையில் 4 மணி.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

—

‘நிலையிடை நேரம்’ சரி, நான் முன்வைத்ததைவிட இதுவே தெளிவு. பதிவுக்கு:

பெருவட்டத் தொலைவு: கோளப் பரப்பில் இரு நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய தொலைவு. புவியின் ஆரத்தை 6,371 கி.மீ. என்று கொள்வது வழக்கம். புவி சரியான கோளமல்ல; பிழை அரை சதவீதம் வரை போகலாம்.

வழித்தொலைவு: வான்வழிகளின்படி உண்மையில் பறந்த தொலைவு. முன்னதைவிடக் கூடுதலாகவே வரும். கடல்மைலில் இருந்தால் 1.852-ஆல் பெருக்குக.

நிலையிடை நேரம்: நிலைபெயர்வு முதல் நிலைசேர்வு வரை, ஒரே கடிகாரத்தில் கணக்கிட்டது. கால அட்டவணைக்கு இதுவே அடிப்படை.

வான்நேரம்: தரைநீங்கல் முதல் தரைதொடல் வரை.

– கல்பாத்தியிலிருந்து