டி ட்ரைவ்ல இருக்குன்னு நம்பி உக்காந்திருந்தேன்

சிவகாசில காலண்டர் டிசைன் பண்ற வேலைங்க எனக்கு. ஆடி 18க்கு புது காலண்டர் மாடல் ஆல்பம் வெளிய வந்தாகணும், அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சிஸ்டம் ஒரு மாதிரி இழுக்க ஆரம்பிச்சுச்சு, ஃபோல்டர தொறந்தா மேல பச்சை கோடு ஊர்ந்துக்கிட்டே கெடக்கும், நான் ஃபைல்தான் பெருசுன்னு நெனச்சு விட்டுட்டேன். அப்புறம் சிபியுக்குள்ள டிக் டிக்னு பல்லி கத்துற மாதிரி சத்தம்.

அப்பவும் பயப்படலங்க. எல்லாத்தையும் சி-லேர்ந்து டி-க்கு காப்பி போட்டு வச்சிருந்தேன், டிசைன் பண்ற சாஃப்ட்வேர் கோரல்டிரா வேற தானாவே 'பேக்கப் ஆஃப்'னு ஒரு ஃபைல பக்கத்துலயே போட்டு வைக்கும். சி, டி, ஈ மூணும் ஒரே 1 டிபி ஹார்ட் டிஸ்க்க கோடு கிழிச்சு பிரிச்சதுதான். தெரியாம இல்ல, யோசிக்கல.

பெரிய கூத்து என்னன்னா, யூடியூப் பாத்து டிஸ்க்க சோதிச்சு சரி பண்ற செக்டிஸ்க்க ஓட விட்டுட்டு ராத்திரி வீட்டுக்குப் போயிட்டேன். காலைல சர்வீஸ் அண்ணாச்சி வந்து தலைல அடிச்சுக்கிட்டாரு. உள்ள தகடு நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துது, டேட்டாவ படிக்கிற ஹெட் அதுமேல படாம மெதக்கணும், ஹெட் போன டிஸ்க்க ஓட்ட ஓட்ட தகட்டையே சொரண்டிரும், சத்தம் கேட்டா மொதல்ல கரண்ட்ட புடுங்கு தம்பின்னாரு. ரெக்கவரிக்கு அதே மாடல்ல இன்னொரு டிஸ்க் தேடி, தூசி இல்லாத ரூம்ல வச்சு ஹெட்ட மாத்தணுமாம். 28 ஆயிரம் போச்சு. வந்தது பாதிதான், அதுலயும் பேரெல்லாம் வெறும் நம்பரு, முருகர் எது பிள்ளையார் எதுன்னு ஒவ்வொண்ணா தொறந்து பாத்தேன்.

---

எனக்கு வேற கதை. எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒழுங்கா காப்பி எடுத்தேன், ஆனா அத 24 மணி நேரமும் பிசிலயே சொருகி வச்சிருந்தேன். ஓசில கெடைக்குதேன்னு ஒரு சாஃப்ட்வேரோட கிராக் (பூட்டு ஒடச்ச திருட்டு காப்பி) இறக்குனேன், ஸ்டாப் டிஜேவியூன்னு ஃபைல பூட்டி காசு கேக்குற ரேன்சம்வேர் வைரஸ் புகுந்து ரெண்டு டிஸ்க்லயும் பூட்டு போட்டுருச்சு. பொண்ணோட காதுகுத்து போட்டோ மச்சினி வாட்ஸ்அப்ல இருந்துதான் கெடச்சது, அதுவும் மங்கலா.

---

கூகுள் டிரைவ் போதாதான்னு கேக்குறவங்களுக்கு: சிங்க் ஆகுற ஃபோல்டர்னா இங்க அழிச்சா அங்கயும் போயிரும், ட்ராஷ்ல 30 நாள்தான் கெடக்கும். எங்கப்பா அழிச்சது எனக்குத் தெரிஞ்சப்ப 2 மாசம் ஆச்சு. சிவகாசி அண்ணா, இப்ப நீங்க என்ன பண்றீங்க?

---

ரெண்டு எக்ஸ்டர்னல் வாங்கிட்டேன் தம்பி. சனிக்கிழமை மாத்தி மாத்தி காப்பி, ஒண்ணு எப்பவும் வீட்டு பீரோல. காப்பி முடிஞ்சதும் நாலு ஃபைல வேற சிஸ்டத்துல தொறந்து பாத்துருவேன். டிஸ்க் நல்லா இருக்கான்னு காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் மஞ்சளா காட்டுனா அன்னைக்கே டிஸ்க்க மாத்திருவேன். முதலாளி மட்டும் இன்னும் "டி-ல போட்டுட்டியாப்பா"ன்னுதான் கேக்குறாரு.