ஐ.சி.டி. வைத்திருக்கும் அப்பா, கொழுப்பு அளவு காட்டும் எடை மெஷினில் ஏறலாமா?

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, மார்பில் ஐ.சி.டி. (துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பழைய மெஷின் கெட்டுப்போனதால் புதிதாக ஒன்று வாங்கினேன், மேலே நாலு உலோகத் தகடு, வெறுங்காலோடு ஏறினால் எடையோடு கொழுப்பு, தசை, நீர் எல்லாம் காட்டுகிறது. மூன்று நாள் ஏறிவிட்டார். நேற்று ராத்திரிதான் கையேட்டில், இதயக் கருவி உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன். பகீரென்றது. அவருக்கு மயக்கமோ ஷாக்கோ எதுவும் வரவில்லை. கருவிக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

பதில் 1
கருவி பரிசோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். பதறாதீர்கள், மூன்று தடவை ஏறியதால் கருவி கெட்டுப்போகாது. அந்தத் தகடுகள் உடம்புக்குள் மிகச் சிறிய மின்னோட்டத்தை விடுகின்றன, பொதுவாக 1 மில்லிஆம்பியருக்கும் குறைவு, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில். நமக்கு உறைக்காது. ஆனால் ஐ.சி.டி.யின் வேலையே மில்லிவோல்ட் கணக்கில் இருக்கும் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டால் தேவையில்லாத ஷாக் வரலாம். பேஸ்மேக்கராக இருந்தால், இதயம்தான் துடிக்கிறதே என்று நினைத்துத் தூண்டுதலை நிறுத்திவிடலாம், அதையே நம்பியிருப்பவருக்கு அது ஆபத்து. நோயாளிகளை வைத்து நடந்த சில சிறிய ஆய்வுகளில் அப்படி எதுவும் நேரவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவை மருத்துவமனையில், கருவியைத் திரையில் கவனித்துக்கொண்டே செய்தவை. வீட்டில் தனியாக நிற்பவருக்கு அதை வைத்துச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்காக எடை பார்ப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்! மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மெஷினில் எடை மட்டும் காட்டும் முறை இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் சாதாரண மெஷின் போதும்.

பதில் 2
எனக்கு பேஸ்மேக்கர் வைத்து நாலு வருடம். கைப்பிடியைப் பிடித்து அளக்கும் மெஷினும், விரலை வைத்தால் கொழுப்பு சொல்லும் கைக்கடிகாரமும் இன்னும் கவனிக்க வேண்டியவை, காலோடு கால் அளக்கும்போது மின்சாரம் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே போகும், இவற்றில் கை வழியாக மார்பைக் கடக்கும். என்னுடைய பேஸ்மேக்கர் மூச்சின் வேகத்தைப் பார்த்துத் துடிப்பைக் கூட்டும் வகை. அதுவும் மார்புக்குள் லேசாக மின்சாரம் விட்டுத்தான் மூச்சை அளக்கிறது, அதனால் இன்னொன்று குழப்பும் என்று டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். கொழுப்பு தெரிந்தே ஆக வேண்டுமென்றால் எக்ஸ்ரே மூலம் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது, எக்ஸ்ரே அளவும் மிகக் குறைவுதான், எடுக்கும் இடத்தில் கருவி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். நான் இடுப்பை டேப்பால் அளப்பதோடு சரி.

கேட்டவர்
இருவருக்கும் ரொம்ப நன்றி. காலையில் கிளினிக்குக்குப் போன் செய்தேன். அப்பா கட்டில் பக்கத்தில் இருக்கும் பெட்டி வழியாக ஐ.சி.டி.யின் பதிவுகளை அனுப்பச் சொன்னார்கள், அந்த மூன்று நாளிலும் தவறான பதிவு ஒன்றும் இல்லையாம். அப்பாடா! மெஷினில் எடை மட்டும் காட்டும் முறை இல்லை, அதனால் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, தகடே இல்லாத முள் மெஷின் வாங்கியாயிற்று. இன்று 61 கிலோ, நோட்டில் ஏறிவிட்டது.