மறு: எக்ஸ்போஷருக்குத் தமிழ்ல என்ன? (வெள்ளிக்குள்ள வேணும்)

வணக்கம். பள்ளிக்கூடத்துல எட்டாவது பசங்களுக்கு சனிக்கிழமை கேமரா வகுப்பு எடுக்குறேன், கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அபெர்ச்சருக்குத் துளைன்னு போட்டுட்டேன், ஷட்டர் ஷட்டராவே இருக்கு, மாட்டிக்கிட்டது எக்ஸ்போஷரும் (படம் எடுக்கறப்ப கேமராவுக்குள்ள விழுற வெளிச்சத்தோட அளவு), ஐஎஸ்ஓவும்தான் (100, 400ன்னு வருதே அந்த எண்ணு). "வெளிப்பாடு"ன்னு சொல்லிப் பாத்தேன், ஒரு பொண்ணு "யாரு சார் வெளிப்படுறா?"ன்னு கேட்டுச்சு.

---

தம்பி, அந்தப் பொண்ணு கேட்டது நியாயம். வெளிப்பாடுன்னா உள்ள இருக்கறது வெளிய வரணும், இங்க வெளிய இருக்கற வெளிச்சம்ல உள்ள போகுது. நாம "வெயில் படுது"ன்னுதானே சொல்றோம்? சுடு சூடாகுது, கெடு கேடாகுது, படு பாடாகுது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆகவே ஒளிப்பாடு. முடிஞ்சுது.

---

> ஆகவே ஒளிப்பாடு

ஐயா மன்னிக்கணும், அந்த ப் எங்கேந்து வந்துச்சு? ஒளி படுது, எழுவாய், வலி மிகாது. ப்ப எடுத்தா "ஒளிபாடு", ஒளி பாட்டுப் பாடுது. ப் இருந்தா அதவிட மோசம், ஒளிப்புன்னா மறைப்பு, எக்ஸ்போஷருக்கு நேர் எதிர்! வெளிச்சத்துக்கும் மறைஞ்சுக்கறதுக்கும் ஒரே ஒளி ஏன்னு ரொம்ப நாளா ஒரு யோசன, கண்ணு கூசற வெளிச்சத்துல எதிர்ல நிக்கறதும் தெரியாதில்லையா, அதனால ரெண்டும் ஒரே வேர்னு என் கட்சி. அத விடுங்க. "ஒளியேற்பு" போடலாம். ஐஎஸ்ஓவுக்குக் கூசுதிறன்.

---

நான் கல்யாண வீட்டுக்கு கேமரா தூக்கற ஆளு, இலக்கணம் தெரியாது. ஃபிலிம்ல 400 வாங்கி மாட்டினா 36 படமும் 400தான், அது ஃபிலிமோட குணம், அங்க உணர்திறன்னு சொன்னா சரி. டிஜிட்டல்ல சென்சாரோட உணர்திறன் மாறவே மாறாது, ஐஎஸ்ஓவ ஏத்துனா வந்த சிக்னல பெருக்குது, அவ்ளோதான். பாடறவங்க குரல் சன்னமா இருந்தா மைக்குல வால்யூம ஏத்தறோம்ல, கூடவே உஸ்ஸுன்னு இரைச்சலும் ஏறுதுல்ல, மண்டபத்து இருட்டுல 6400 வெச்சா முகத்துல மணல் தூவுன மாதிரி வர்றது அதுதான். உணர்திறனும் வேணாம், கூசவும் வேணாம், "பெருக்கம்"னு வேணா போடுங்க. எக்ஸ்போஷர்ல அது சேரவும் சேராது. துளைய எஃப் 4லேந்து 5.6க்கு சுருக்கினா வெளிச்சம் பாதி, ஷட்டர 1/125 செகண்டுலேந்து 1/60க்கு இறக்கினா ரெண்டு மடங்கு, கணக்கு நேராப் போச்சு, இதுல ஐஎஸ்ஓ எங்க வந்துச்சு?

இன்னொன்னு, பசங்க நாளைக்கு ஸ்டூடியோவுல போய் "மிகை ஏற்பு"ன்னா சிரிப்பாங்க. அங்க ஓவரு, அண்டரு, இல்லன்னா "முகம் வெள்ள அடிச்சிருச்சு".

---

சிரிச்சா சிரிக்கட்டும், மின்சாரம்னு முதல்ல சொன்னப்பவும் யாரோ சிரிச்சிருப்பாங்க.

ஐ.எஸ்.ஓ.ன்னு புள்ளி வெக்கறவங்களுக்கு ஒரு வார்த்த, அது சுருக்கம் இல்ல. கிரேக்கத்துல ஐசோஸ்னா சமம், அதுலேந்து எடுத்ததுன்னு ஐஎஸ்ஓங்கற பேர்ல இருக்கற உலகத் தர அமைப்பே சொல்லுது. 1974ல ஃபிலிமுக்கு இருந்த அமெரிக்க ஏஎஸ்ஏ அளவையும் ஜெர்மனி டின் அளவையும் ஒன்னா கட்டினாங்க, ஃபிலிம் டப்பால 100/21ன்னு ரெண்டு எண்ணு இருக்கறது அதனாலதான், முன்னது ஏஎஸ்ஏ கணக்கு, பின்னது டின் கணக்கு. பேரத் தமிழாக்கணும்னா "நிகர் 400".

---

நிகர்னா பசங்க நிகர லாபம்னு நினைப்பாங்க. திசைச்சொல்லுக்கு இலக்கணத்துலயே இடம் இருக்கு, ஐஎஸ்ஓவ அப்படியே விடுங்க.

---

எல்லாருக்கும் நன்றி, அச்சகத்துலேந்து ரெண்டு தடவ போன் வந்துருச்சு. ஒளியேற்புக்கு நாலு பேரு, மத்தவங்க பேசல, அதையே போடறேன். ஐஎஸ்ஓ ஐஎஸ்ஓவாவே இருக்கும், பக்கத்துல அந்த மைக் உதாரணம் வரும். அந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டேன், "கேமரா வெளிச்சம் குடிக்குதுன்னு எழுதுங்க சார்"னுச்சு.

---

> ஒளியேற்புக்கு நாலு பேரு

ஏற்புன்னா சம்மதம். சென்சார் என்ன சம்மதிச்சா வாங்குது, மேல விழுது, வாங்கிக்குது. குடிக்குதுங்கறதே இதவிடத் தேவல. ப்ப வேணும்னா விட்டுடறேன் தம்பி, பாட விடமாட்டேன். அடுத்த பதிப்புல பாப்போம். இப்போதைக்கு எனக்கு உடன்பாடு இல்ல, இதுலயும் பாடு இருக்கு பாத்துக்கோங்க.