கிறிஸ்துமஸ் மசாலா பிஸ்கட் ஷேப்பே நிக்க மாட்டேங்குது, யாராவது ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, சுக்கு, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு செய்வாங்களே அந்த கிறிஸ்துமஸ் பிஸ்கட், இந்த தடவ வீட்டுலயே செஞ்சிடலாம்னு இறங்கி ரெண்டு வாட்டியும் சொதப்பிட்டேன். மைதா 350 கிராம், வெண்ணெய் 125, பிரவுன் சுகர் 175, ஒரு முட்டை, சோடா உப்பு 1 டீஸ்பூன், சுக்குத்தூள் 2 டீஸ்பூன், பட்டைத்தூள் 1 டீஸ்பூன். மொலாசஸ் (சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சற கருப்புப் பாகு) கிடைக்கல, அதுக்கு பதிலா தேன் 4 டேபிள்ஸ்பூன் ஊத்தினேன். கிராம்பு மட்டும் ஒரு சிட்டிகைதான், கூடிப்போனா பல்வலி தைலம் வாசனை வந்துடுது (முதல் வாட்டி பட்ட பாடு).

நட்சத்திர அச்சுல அழகா வெட்டி 180 டிகிரில 12 நிமிஷம் வச்சு வெளிய எடுத்தா ஒண்ணுத்துக்கும் மூலையே இல்ல, எல்லாம் பரவி பக்கத்துல இருக்கறதோட ஒட்டிக்கிட்டு, ஓரம் கருகி, நடுவுல மெத்துனு கிடக்கு. ரெண்டாவது வாட்டி மாவ அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சேன், கொஞ்சம் பரவால்ல, ஆனா மறுநாளே டப்பாவுல நமுத்துப் போச்சு. தேன் ஈரத்த இழுக்கும்ல, அதனாலயா?

இப்ப சோடாவ பாதியாக்கணுமா, வெண்ணெய குறைக்கணுமா, இல்ல மாவ ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல விட்டு, வெட்டினப்புறம் ட்ரேயோட இன்னொரு வாட்டி குளிர வச்சா போதுமா? நீங்க எத்தன மில்லிமீட்டர் கனத்துல தேய்க்கறீங்க? மொறுமொறுப்பா வரவச்சவங்க உங்க அளவ போடுங்க ப்ளீஸ், இன்னும் பாதி மாவு ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு.